தெளிவான குழாய்த் தண்ணீர், தெருவெல்லாம் வயிற்றுப்போக்கு: கிருமி எந்த வழியாக வருகிறது?

முள்ளுக்கத்திரி (இழையைத் தொடங்கியவர்)

வேலூர் பழைய டவுன் பக்கம் எங்கள் வீடு. தெருப் பெயர் வேண்டாம், ஏற்கெனவே பேச்சு நிறைய ஓடுகிறது. போன மாதத் தொடக்கத்தில் விடாமல் மழை பெய்ததே, அதற்கு இரண்டு மூன்று நாளிலேயே தெருவில் குழந்தைகளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. ஒரு வீட்டில் பாட்டிக்கும் சேர்த்து. ஒருவழியாக அடங்கிவிட்டது என்று நினைத்தால், இப்போது தெருவின் கீழ்க்கோடியில் இரண்டு வீட்டில் மஞ்சள் காமாலை. அதில் ஒருவர் ஏழு மாதக் கர்ப்பிணி.

எங்களுக்கு வருவது காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர். தினமும் வராது, முறை வைத்துத்தான் விடுவார்கள். பார்வைக்குத் துளி கலங்கல் இல்லை. மச்சான் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்தார், 300-க்குக் கீழேதான் காட்டியது. தெருவில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள்: தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) கழிவு, கேன் தண்ணீர், போன வாரம் நடந்த கல்யாணத்துப் பிரியாணி. பேதிக்கும் காமாலைக்கும் சம்பந்தமே இல்லை என்கிறவர்களும் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எங்கே தேடுவது?

காட்பாடி ஜங்ஷன்

இதில் என்ன சந்தேகம்? தோல் ஷாப் தண்ணிதான். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் பாலாற்றை நாசம் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஆர்.ஓ. போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

லேப் மேஜை

காட்பாடி அண்ணா, தோல் ஷாப் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் இந்தக் கேஸில் அவர்களை இழுக்க முடியாது. தோல் கழிவில் வருவது உப்பும் குரோமியமும். கிணறு உப்புக் கரிக்கும், நிலம் பாழாகும், வருடக்கணக்கில் உடம்பைக் கெடுக்கும். ஒரே வாரத்தில் தெருக் குழந்தைகளுக்கெல்லாம் பேதி வரவைக்காது. அதோடு இவர்கள் குடிப்பது மேட்டூர்ப் பக்கமிருந்து வரும் காவிரி, பாலாறு இல்லை.

டிடிஎஸ் மீட்டர் காட்டுவது கரைந்த உப்பின் அளவு. கிருமிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரோட்டா வைரஸ் பேதி வந்த குழந்தையின் மலத்தில் ஒரு கிராமுக்கு ஆயிரம் கோடிக்கு மேல் வைரஸ் இருக்கும். அதில் ஒரு துளி குடத்தில் விழுந்தாலும் மீட்டர் முள் அசையாது, தண்ணீரும் கலங்காது.

முள்ளுக்கத்திரி, நீங்கள் சொன்ன தேதிகள்தான் முக்கியம். ஒவ்வொரு கிருமிக்கும் உடம்புக்குள் போனதிலிருந்து நோயாக வெளியே தெரிய ஒரு காலக்கெடு உண்டு. காலராவுக்குச் சில மணி நேரம் முதல் ஐந்து நாள். ரோட்டாவுக்கு ஒன்றிலிருந்து மூன்று நாள். ஷிகெல்லா, அதாவது ரத்தமும் சளியுமாகப் போகிற சீதபேதி, அதுவும் சில நாள்தான். டைஃபாய்டு ஒரு வாரம் முதல் மூன்று வாரம், சில பேருக்கு இன்னும் கூட. ஹெபடைடிஸ் ஏ காமாலை இரண்டிலிருந்து ஏழு வாரம் வரை. ஹெபடைடிஸ் ஈ இரண்டிலிருந்து பத்து வாரம், பெரும்பாலும் ஐந்து ஆறு வாரம்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். மழை முடிந்ததும் பேதி, ஐந்து வாரம் கழித்துக் காமாலை. இரண்டும் தனித்தனி விபத்து என்று நான் நினைக்கவில்லை. அந்த மழையில் சாக்கடை எங்கோ ஓர் இடத்தில் குழாய்க்குள் புகுந்திருக்கிறது. அதில் எல்லாக் கிருமியும் ஒன்றாக வந்தன, அவசரக்காரன் முதலில் வேலையைக் காட்டினான், நிதானக்காரன் இப்போது காட்டுகிறான். நடுவில் யாருக்காவது விடாத காய்ச்சல் இருந்ததா என்று விசாரியுங்கள்.

ஆம்பூர் தம்பி

போன வாரக் கல்யாணப் பிரியாணியால் இந்த வாரம் காமாலை வராது என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டதற்கு நன்றி. சீரகச் சம்பாவின் மானம் காப்பாற்றப்பட்டது.

லேப் மேஜை

பிரியாணி கொதித்து வெந்தது. கூட வைக்கிற தயிர்ப் பச்சடிக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

முள்ளுக்கத்திரி

விசாரித்தேன். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளுக்குப் பத்து நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்ததாம். முதலில் வைரல் காய்ச்சல் என்று சொல்லி, பிறகு ரத்தக் கல்ச்சரில் டைஃபாய்டு என்று வந்திருக்கிறது. இரண்டு பேரும் கீழ்க்கோடிப் பிள்ளைகள். மேல்கோடியில் யாருக்கும் ஒன்றும் இல்லை. கேன் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே ஆள்தான் போடுகிறார்.

பழைய பிட்டர்

குடிநீர்க் குழாய் வேலையிலேயே ஓய்வு பெற்றவன் நான். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், "கீழ்க்கோடி" என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மக்கள் எல்லோரும் தண்ணீர் புறப்படும் இடத்தையே திட்டுகிறார்கள். மேல்நிலைத் தொட்டியில் கெட்டிருந்தால் மேல்கோடி, கீழ்க்கோடி இரண்டும் படுத்திருக்கும். ஒரு கோடி மட்டும் படுத்தால் கோளாறு தெருவுக்குள்ளேதான். ஒன்று வால்வுக் குழி, இல்லாவிட்டால் வீட்டு இணைப்பு.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். 24 மணி நேரமும் தண்ணீர் ஓடுகிற குழாயில் உள்ளே அழுத்தம் இருக்கும். சின்ன ஓட்டை விழுந்தாலும் உள்ளிருந்து வெளியேதான் கசியும், வெளியில் இருக்கும் அசுத்தம் உள்ளே நுழையாது. நம் ஊரில் முறைத் தண்ணீர். வால்வை மூடியதும் குழாயில் இருந்த தண்ணீர் பள்ளத்துப் பக்கம் வடியும். வடியும்போது மேலே வெற்றிடம், குழாய் உறிஞ்ச ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் ஓட்டையைச் சுற்றி மழைத் தண்ணீரும் சாக்கடையும் தேங்கி நின்றால் அது உள்ளே போகும். அடுத்த முறை விடும்போது அதுதான் முதல் ஆளாகக் குடத்தில் விழும்.

மெயின் குழாய் தெருவின் ஒரு ஓரத்தில் இருக்கும். எதிர்ச்சாரி வீடுகளுக்கு இணைப்பு கொடுக்க அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் இரும்புக் குழாயைக் குறுக்கே கொண்டுபோவார்கள். வழியில் காவா, அதாவது சாக்கடைக் கால்வாய். காவாவுக்கு அடியில் தோண்டிப் போட்டால் செலவு, நேரமும் ஆகும். அதனால் காவா சுவரைக் குத்தி நடுவிலேயே நுழைத்துவிடுவார்கள். சாக்கடைக்குள்ளேயே படுத்திருக்கும் குழாய் எத்தனை வருடம் தாங்கும்? துருப் பிடித்து, விரல் வைத்து அழுத்தினால் உதிரும். பல இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி வைத்திருப்பதை நானே அவிழ்த்திருக்கிறேன். உள்ளே ஊசித் துவாரமாக இருக்கும், மேலே கறுப்பாகச் சேறு படிந்திருக்கும்.

இதற்கு மேல் வீட்டு மோட்டார். மெயினிலிருந்தே மோட்டார் போட்டு இழுக்கும் வீடு ஒன்று இருந்தால் போதும், தண்ணீர் வரும் நேரத்திலேயே அக்கம்பக்கத்து இணைப்புகளில் உறிஞ்சல் உண்டாகும். ஓட்டை உன் குழாயில், மோட்டார் பக்கத்து வீட்டில், பேதி யாருக்கு வேண்டுமானாலும்.

ஒரு கேள்வி. கீழ்க்கோடியில் குழாய் தரைக்கு மேலே இருக்கிறதா, குழிக்குள் இருக்கிறதா?

முள்ளுக்கத்திரி

குழிக்குள்தான் ஐயா. அழுத்தம் வராது என்று வாசலில் இடுப்பளவு குழி வெட்டி அதற்குள் குழாய் வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் குழி நிரம்பிவிடும். சொம்பால் இறைத்துவிட்டுத்தான் குடத்தை வைப்போம். மோட்டாரும் நாலைந்து வீட்டில் ஓடுகிறது, வெளியே சொல்ல மாட்டார்கள்.

பழைய பிட்டர்

குழி நிரம்பியபோது குழாய் வாய் அந்தத் தண்ணீருக்குள் மூழ்கி நின்றிருக்கும். அப்போது மெயின் காலியாக இருந்து, அந்தக் குழாயின் திருகும் சரியாக மூடாமல் இருந்திருந்தால், நான் சொன்ன காவா ஓட்டைகூடத் தேவையில்லை. குழிச் சாக்கடை நேராக உள்ளே போயிருக்கும். கீழ்க்கோடி முழுவதும் அதைப் பங்கு போட்டுக் குடித்திருக்கும்.

குடியாத்தம் அக்கா

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். குழாயைப் பிறகு பேசலாம், முதலில் அந்தக் கர்ப்பிணியைப் பற்றிச் சொல்கிறேன். ஹெபடைடிஸ் ஈ மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் கதை வேறு. கல்லீரல் செயலிழந்து நூற்றில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும். கீழாநெல்லி கொடுத்துக்கொண்டு, மந்திரித்துக்கொண்டு வீட்டில் வைத்திருக்க வேண்டாம். இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். தூக்கக் கலக்கம், பேச்சில் தடுமாற்றம், வாந்தி நிற்காமை, இதில் ஒன்று தெரிந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. தெருவில் வேறு கர்ப்பிணிகள் இருந்தால் இன்றிலிருந்து கொதிக்கவைத்த தண்ணீர் மட்டும்தான்.

பேதி வந்த குழந்தைகளுக்கு ஓஆர்எஸ். ஒரு லிட்டருக்கு உள்ள பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கலக்குகிற வேலை வேண்டாம், உப்பு கூடிவிடும். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டி. கூடவே துத்தநாக மாத்திரை, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குள் என்றால் 10. பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும், நம் அம்மாக்கள் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது.

அப்புறம், பிட்டர் ஐயா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். குழாய் சரியாக இருந்தாலும் வீட்டுக்குள் வந்த பிறகு தண்ணீர் கெடுகிறது. முறைத் தண்ணீர் என்பதால் குடம் குடமாகப் பிடித்து நாள் கணக்கில் வைக்கிறோம். வாயகன்ற பிளாஸ்டிக் டிரம், அதில் டம்ளரை விரலோடு முக்கி எடுப்பது. இந்த வீட்டில் ஒரு குழந்தைக்குப் பேதி, அதைக் கழுவிவிட்ட அம்மா சோப்புப் போடாமல் அதே கையால் டம்ளரை எடுத்தால் முடிந்தது. ஷிகெல்லாவுக்குப் பத்திலிருந்து நூறு கிருமி உள்ளே போனாலே போதும். ஆரோக்கியமான ஆளுக்குக் காலரா வரக் கோடிக்கணக்கில் தேவை, வயிற்று அமிலம் அவ்வளவையும் கொன்றுவிடும். அதனால் சீதபேதி கையாலேயே வீட்டுக்குள் பரவும், காலராவுக்குப் பெரும்பாலும் தண்ணீரோ சாப்பாடோ வாகனமாக வேண்டும்.

கைக்குழந்தையின் மலம் அசிங்கமே இல்லை என்று காவாயில் வீசுகிறவர்களும் அதிகம். பெரியவர்களுடையதைவிட அதில்தான் கிருமி அதிகம்.

டிபன் கடை மீனா

நான் சின்னதாக இட்லிக் கடை போட்டிருக்கேன் அக்கா. எல்லாம் ஆவியில வெந்ததுதானே, எங்ககிட்ட பரவுமா?

குடியாத்தம் அக்கா

இட்லி வெந்தது, சரி. சட்னியை அரைக்கும்போதும், கூட்டம் வந்ததும் நீர்க்க வைக்கும்போதும் ஊற்றுகிற தண்ணீர் வேகவில்லையே? காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி மதியம் வரை வெயிலில் இருக்கும், நம் வேலூர் வெயிலில் கிருமிக்கு வேறென்ன வேண்டும். சட்னிக்கு ஆறவைத்த வெந்நீர் வைத்துக்கொள் மீனா. ஆடி மாதக் கூழுக்கும் நீர்மோர்ப் பந்தலுக்கும் இதே கணக்குதான். கூழ் கொதித்தது, கரைக்க ஊற்றுகிற பச்சைத் தண்ணீரிலும் மேலே போடுகிற ஐஸ் கட்டியிலும்தான் வினை.

கோட்டை அகழி

நாங்கள் எல்லாம் கிணற்றுத் தண்ணீர், ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். ஆற்று மணலில் கையால் ஊற்றுப் பறித்துக் குடித்தோம். ஒன்றும் ஆகவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பில் வலுவில்லை, அவ்வளவுதான்.

குடியாத்தம் அக்கா

ஐயா, ஒன்றும் ஆகாதவர்கள்தானே இன்றைக்கு இருந்து இதை எழுத முடியும். என் பாட்டி பெற்றது ஒன்பது, தங்கியது நாலு. கக்கல் கழிச்சலில் போனது எத்தனை என்று அவருக்கே கணக்கு இல்லை. மணல் ஊற்றைப் பற்றி நீங்கள் சொல்வது மட்டும் உண்மை. மணல் நல்ல வடிகட்டி. இப்போது அந்த மணலே ஆற்றில் இல்லை.

நுண்ணுயிர்ப் பைத்தியம்

கோட்டை அகழி ஐயாவுக்கு இன்னொன்று. நரம்புச் சிலந்தி ஞாபகம் இருக்கிறதா? படிக்கட்டுக் கிணற்றில் காலில் புண்ணோடு ஒருவர் இறங்குவார். புண்ணிலிருந்து புழு குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அதைக் கண்ணுக்கு எட்டாத ஒரு நீர்ப்பூச்சி விழுங்கும். அந்தத் தண்ணீரை வடிகட்டாமல் குடிப்பவருக்கு ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளம் வந்து, முழ நீளத்துக்கும் மேல் புழு வெளியே வரும். குச்சியில் சுற்றிச் சுற்றித்தான் இழுப்பார்கள். தமிழ்நாட்டிலும் அது இருந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில், 2000-ல் நாடே விடுபட்டது என்று சான்றிதழ் வந்தது. தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. துணியால் வடிகட்டியதும், படிக்கட்டுக் கிணறுகளை மூடியதும், அடிபம்பு போட்டதும்தான் காரணம்.

நான் நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நோய்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது. டேவிட் பிராட்லி என்ற ஆய்வாளர் 1970-களில் இதை வழிப்படி பிரித்தார். குடிப்பதால் வருவது ஒரு வகை: காலரா, டைஃபாய்டு. தண்ணீர் போதாமல் கை, உடம்பு கழுவாததால் வருவது இன்னொரு வகை: சொறி சிரங்கு, கண் நோய், சீதபேதியில் ஒரு பங்கு. தண்ணீரில் வாழும் உயிரினம் இடையில் புகுந்து வருவது, நரம்புச் சிலந்தி மாதிரி. கடைசியாக, தண்ணீரில் முட்டையிடும் கொசு. முதல் வகைக்குத் தண்ணீரின் சுத்தம் முக்கியம், இரண்டாவதுக்கு அளவு முக்கியம். இரண்டு குடம் பரிசுத்தமான தண்ணீர் மட்டும் கொடுத்தால் சீதபேதி நிற்காது, கை கழுவ எதை வைத்துக் கழுவுவது?

வேலூருக்கும் இந்தக் கிருமிகளுக்கும் பழைய பழக்கம் உண்டு. 1992 வரை காலராக் கொள்ளைநோய் என்றால் ஓ1 என்ற வகை மட்டும்தான் என்று உலகமே நினைத்திருந்தது. அந்த வருடப் பிற்பகுதியில் சென்னையிலும் வேலூரிலும் காலரா மாதிரியே வந்தது, ஆனால் ஓ1 சோதனைக்குச் சிக்கவில்லை. அதுதான் பிறகு ஓ139 என்று பெயர் பெற்று வங்கதேசம் வரை போனது. ரோட்டா வைரஸ் ஆராய்ச்சியில் பெரிய பெயரான ககன்தீப் காங் பல வருடம் வேலை செய்ததும் இங்கே சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில்தான். இன்று குழந்தைகளுக்கு 6, 10, 14 வாரத்தில் கொடுக்கும் ரோட்டா சொட்டு மருந்துக்குப் பின்னால் அந்த உழைப்பும் இருக்கிறது.

இனி காட்பாடி அண்ணாவின் ஆர்.ஓ. யோசனைக்கு வருகிறேன். கிரிப்டோஸ்போரிடியம் என்று ஓர் ஒட்டுண்ணி, கெட்டி ஓடு போட்ட முட்டை மாதிரித் தண்ணீரில் கிடக்கும். குழாயில் போடும் குளோரின் அதை ஒன்றும் செய்யாது. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி வந்து சுமார் 4 லட்சம் பேருக்குப் பேதியாக்கியது. வேலூர்க் குடியிருப்பு ஒன்றில் சி.எம்.சி. ஆய்வாளர்கள் சில குழந்தைகளின் வீடுகளுக்குப் பாட்டில் தண்ணீரும், மற்றவர்களுக்கு வழக்கமான குழாய்த் தண்ணீருமாகப் பார்த்தார்கள். கிரிப்டோ தொற்றில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை! குடிக்கிற தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது. கை, தரை, ஆடு மாடு, பக்கத்து வீட்டுக் குழந்தை என்று அதற்கு வழி நிறைய.

கேன் சப்ளை

அதான் நானும் சொல்றேன். எதுக்கெடுத்தாலும் கேன்காரன் தலையிலேயே விடியுது.

லேப் மேஜை

உங்களை யாரும் இந்தக் கேஸில் சேர்க்கவில்லை சார். ஆனால் கேனிலும் ஒரு பலவீனம் உண்டு. ஆர்.ஓ.வில் குளோரின் போய்விடும், அதனால் அதற்குப் பிறகு கேனுக்குள் ஏதாவது நுழைந்தால் தட்டிக் கேட்க ஆள் இல்லை. கேனைத் திரும்ப நிரப்பும்போது உள்ளே பிரஷ் போட்டுக் கழுவினார்களா, டிஸ்பென்சர் குழாயை வீட்டில் யாராவது என்றைக்காவது கழற்றித் தேய்த்தார்களா? அடியில் பச்சை படிந்த கேனை வீட்டுக்காரர்கள் திருப்பி அனுப்பத் தயங்கக் கூடாது.

காட்பாடி ஜங்ஷன்

சரி, தோல் ஷாப்பை விட்டுவிட்டேன். இந்தத் தெருவுக்கே வருகிறேன். மழைக்குப் பிறகு பிளீச்சிங் போட்டிருப்பார்களே? போட்டும் காமாலை வந்தது எப்படி?

நுண்ணுயிர்ப் பைத்தியம்

நல்ல கேள்வி, இதற்கு டெல்லியில் ஒரு பெரிய உதாரணமே இருக்கிறது. 1955 நவம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யமுனையின் ஓட்டம் மாறி, நஜஃப்கர் கழிவு ஓடை வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே எதிர்த்து வந்துவிட்டது. நிலையத்தில் இருந்தவர்கள் தூங்கவில்லை. படிகாரத்தையும் குளோரினையும் கூட்டிப் போட்டார்கள். டைஃபாய்டும் சீதபேதியும் கூடவில்லை. எல்லோரும் தப்பித்தோம் என்று நினைத்திருக்க, அடுத்த மாதம் காமாலை வெடித்தது. 29,000 பேருக்கு மேல். அந்தக் குளோரின் பாக்டீரியாவைக் கொல்லப் போதுமாக இருந்தது, வைரஸுக்குப் போதவில்லை. வெகுகாலம் அதை ஹெபடைடிஸ் ஏ என்றே எழுதினார்கள். சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பல வருடம் கழித்துச் சோதித்தபோதுதான் அது வேறு வைரஸ், இன்று ஈ என்கிறோமே அது, என்று தெரிந்தது.

பழைய பிட்டர்

நம் ஊர்க் கதை இன்னும் எளிது தம்பி. பிளீச்சிங் தொட்டியில் போடுகிறோம், சாக்கடை தெருவில் புகுகிறது. தொட்டியிலிருந்து கீழ்க்கோடி வருவதற்குள் குளோரின் தேய்ந்துவிடும், மிச்சத்தைச் சாக்கடையின் அழுக்கே தின்றுவிடும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி, நோய் பரவும் நேரத்தில் 0.5. அதைப் பார்க்கும் சின்னப் பெட்டி டேங்க் ஆபரேட்டரிடம் இருக்கும். தண்ணீரில் மருந்து போட்டால் நிறம் மாறும், அட்டையோடு ஒப்பிட வேண்டியதுதான். தொட்டிக்கு அடியில் சோதிப்பார்கள். நீங்கள் கீழ்க்கோடிக் கடைசிக் குழாயில் சோதிக்கச் சொல்லிக் கூடவே நில்லுங்கள்.

முள்ளுக்கத்திரி

வீட்டு சம்ப்பில் நாங்களே பிளீச்சிங் போடலாமா? கொதிக்க வைப்பதா, குளோரினா, எது நல்லது?

பழைய பிட்டர்

போடலாம். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்பது புத்தகக் கணக்கு, அதுவும் 33 சதவீத குளோரின் உள்ள புதுப் பவுடருக்கு. மூட்டை வாய் திறந்து மழைக்காலம் முழுக்கக் கிடந்த பவுடரில் சத்தே இருக்காது, சுண்ணாம்புதான் மிஞ்சும். அப்படியே தூவாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, கரைத்து, பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் சம்ப்பில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். அதற்கு முன்னால் சம்ப்பின் அடிச் சேற்றை வாரிவிட வேண்டும், சேறு இருந்தால் குளோரின் அதற்கே செலவாகும்.

குடியாத்தம் அக்கா

குடிக்கக் கொதிக்கவைப்பதுதான் என் ஓட்டு. தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் போதும், குளோரினுக்கு அடங்காத கிரிப்டோவும் அதில் செத்துவிடும். ஆனால் கொதிக்கவைத்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிட வேண்டும். வேறு குடத்துக்கு மாற்றினால் பாதி புண்ணியம் போய்விடும். எடுக்கக் காம்பு வைத்த கரண்டி, இல்லை குழாய் வைத்த பாத்திரம். கேஸ் விலைக்குக் கட்டாது என்கிற வீட்டில் சுகாதார நிலையத்துக் குளோரின் மாத்திரையை அட்டையில் போட்டிருக்கும் அளவுக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கோட்டை அகழி

பித்தளைக் குடத்தைப் பரணில் ஏற்றிவிட்டு பிளாஸ்டிக்குக்குப் போனதைப் பற்றி யாராவது பேசுவீர்களா?

நுண்ணுயிர்ப் பைத்தியம்

இதில் நீங்கள் சொல்வதற்கு ஆதாரமே இருக்கிறது ஐயா! வேலூர் வீடுகளில் சேமித்த தண்ணீரைச் சோதித்த ஆய்வில் பித்தளைப் பாத்திரத்தில் வைத்த தண்ணீரில் மட்டும் கிருமி கணிசமாகக் குறைந்தது. செம்புச் சத்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி பாக்டீரியாவைக் கொல்கிறது. ஆனால் உடனே நடக்காது, ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். காமாலை ஓடிக்கொண்டிருக்கும் தெருவில் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆம்பூர் தம்பி

நடுவில் ஒரு சந்தேகம். கேரளாவில் மூளையைத் தின்னும் அமீபா என்கிறார்களே, அதுவும் குடித்தால் வருமா? எங்கள் ஊர்க் கிணற்றில் பசங்க குதிக்கிறார்கள்.

லேப் மேஜை

குடித்தால் வராது. மூக்கு வழியாக ஏறினால்தான். வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீரில் தலைகுப்புற குதிக்கும்போது வேகமாக மூக்கில் ஏறும், அதுதான் ஆபத்து. மிக அரிது, வந்தால் பிழைப்பது கஷ்டம். நம் பக்கத்துக்கு அதைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த வெள்ளத்தில் காலில் வெடிப்போடு நடந்தால் தோல் வழியாகவே நுழையும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அந்த மாதிரி நேரத்தில் சேறு வாருபவர்கள் பூட்ஸ் போட வேண்டும். பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மட்டுறுத்துநர்

கீழாநெல்லி, மந்திரிப்பு பற்றிய பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். கவுன்சிலர் பெயர் போட்ட பதிவு நீக்கப்பட்டது. தண்ணீரைப் பற்றி மட்டும் பேசவும்.

முள்ளுக்கத்திரி

கர்ப்பிணியை அன்று இரவே சேர்த்துவிட்டார்கள். ஹெபடைடிஸ் ஈ என்று உறுதியானது. இப்போது நிலைமை பரவாயில்லை, இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

வால்வு திறப்பவரையும் இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு காவா ஓரம் பார்த்தோம். பிட்டர் ஐயா சொன்ன மாதிரியே ஆறு இணைப்புகள் காவாவுக்குள் படுத்திருக்கின்றன. ஒன்றில் கை வைத்ததும் துரு பொரிந்து விழுந்தது. இன்னொன்றில் சாக்குத் துணி சுற்றியிருந்தது, தண்ணீர் விட்டபோது அதிலிருந்து குமிழி குமிழியாக வந்தது. அந்த இரண்டையும் அடைத்திருக்கிறார்கள், முழுதாக மாற்ற மனு கொடுத்திருக்கிறோம். குழிக் குழாய்களை மேலே தூக்க வீட்டுக்காரர்கள் பாதிப் பேர் ஒப்புக்கொள்ளவில்லை, தண்ணீர் ஏறாது என்கிறார்கள். மோட்டாரைப் பற்றிப் பேச்செடுத்தால் சண்டை.

தண்ணீர் சாம்பிள் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். பிஸ்லெரி பாட்டிலைக் கழுவிப் பிடித்துக் கொடுத்தால் போதுமா?

லேப் மேஜை

போதாது. ஆய்வகத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் தருவார்கள், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கேளுங்கள். அதற்குள் ஒரு சிட்டிகை தயோசல்பேட் இருக்கும், கழுவிக் கொட்டிவிடாதீர்கள். தண்ணீரில் இருக்கும் குளோரினை அது முறிக்கும். முறிக்காவிட்டால் வழியிலேயே கிருமி செத்து, ரிப்போர்ட் நல்லதாக வந்துவிடும்.

இரண்டு இடத்தில் எடுங்கள்: மேல்கோடி முதல் குழாய், கீழ்க்கோடி கடைசிக் குழாய். கீழ்க்கோடியில் தண்ணீர் விட்ட முதல் நிமிடத்தில் ஒன்று, பத்து நிமிடம் ஓடிய பிறகு ஒன்று என்று தனித்தனியாக. முதல் நிமிட சாம்பிளுக்குக் குழாய் வாயை ஸ்பிரிட் பஞ்சால் முன்பே சுட்டுவிடுங்கள், பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும். மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது. பாட்டிலை முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

காலரா, காமாலை என்று ஒவ்வொன்றாக அவர்கள் தேட மாட்டார்கள். ஈ.கோலை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம், மற்றதெல்லாம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். இல்லை என்று வந்தாலும் வைரஸும் கிரிப்டோவும் இல்லை என்று ஆகிவிடாது, அதனால் ரிப்போர்ட் வந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டாம்.

பழைய பிட்டர்

சாம்பிள் எடுக்கும் அன்று மோட்டார் வீடுகளில் இரண்டையாவது நிறுத்தச் சொல்லி ஒன்று, ஓடவிட்டு ஒன்று எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் அந்தத் தாளைக் காட்டிப் பேசலாம், சண்டை குறையும்.

முள்ளுக்கத்திரி

வியாழக்கிழமை முறைத் தண்ணீர். அன்றைக்கே எடுக்கிறோம் ஐயா.